தெனே மக்களின் உறவுமுறையும் ‘திராவிட’ என்ற சொல்லும்

#1 கரிசல்மகன்

எல்லோருக்கும் வணக்கம். நேற்று இரவு ஒரு செய்தியைப் படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் நடந்தேன். உறக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த இழை.

கனடாவின் வடமேற்கில், மெக்கன்சி ஆற்றங்கரையில், ரிக்லி என்று ஒரு சிற்றூர். தெனே என்னும் பழங்குடி மக்களின் ஊர். அங்கே தங்கி ஆய்வு செய்த மைக்கேல் ஆஷ் என்ற மானிடவியலாளர், அம்மக்களின் உறவுப் பெயர்கள் ‘திராவிட’ வகையைச் சேர்ந்தவை என்று எழுதியிருக்கிறார். நான் இட்டுக்கட்டவில்லை, அவர் பயன்படுத்திய சொல்லே அதுதான். தாயின் உடன்பிறந்தவனுக்கும் மாமனாருக்கும் ஒரே சொல். தந்தையின் உடன்பிறந்தவளுக்கும் மாமியாருக்கும் ஒரே சொல். நம் வீட்டில் மாமா, அத்தை என்கிறோமே, அச்சு அசலாக அப்படியே!

போதாக்குறைக்கு அவர்கள் பெயர் தெனே. தென், தேன், தேனி என்று மனம் எங்கெங்கோ ஓடுகிறது. நம்மவர்கள் எப்போது அங்கே போனார்கள்? கடல் வழியாகவா, சைபீரியா வழியாகவா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஐயப்படுபவன்

போன மாதம் கொரியா, அதற்கு முன் கேமரூன், இப்போது வடதுருவம். பெங்குவின்களுக்கு எப்போது முறை வரும் என்று காத்திருக்கிறேன்.

#3 மொழிப்பித்தன்

பெங்குவின் இருப்பது தென்துருவத்தில், ஐயப்படுபவரே. கிண்டல் செய்தாலும் திசை சரியாக இருக்கட்டும்.

கரிசல்மகன், நீங்கள் படித்தது உண்மைதான். ஆஷ் மட்டுமல்ல, ஜான் ஐவ்ஸ் என்ற தொல்லியலாளரும் வட அதபாஸ்கன் மக்களின் (தெனே மொழிக் குடும்பத்துக்கு நூல்களில் உள்ள பெயர் அது) உறவுமுறையைத் ‘திராவிட’ வகை என்றே விவரிக்கிறார். ஆனால் அங்கே ‘திராவிட’ என்பது ஒரு வகைப்பாட்டின் பெயர். முதலில் நன்றாக ஆராயப்பட்டது தென்னிந்தியாவில் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அமேசான் காடுகளில் வாழும் பல மக்களின் முறையையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். பம்பாய் மிட்டாய் விற்பவரெல்லாம் பம்பாய்க்காரரா?

உங்களைக் குறைசொல்வதற்கில்லை. இதே சறுக்கலில் உங்களைவிடப் பெரிய ஆள் ஒருவர் விழுந்திருக்கிறார். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரைச் சேர்ந்த வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், செனகா பழங்குடியினரின் உறவுப் பெயர்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் அண்ணன் தம்பிகள் எல்லோரும் அப்பா, அம்மாவின் அக்காள் தங்கைகள் எல்லோரும் அம்மா, அவர்களின் பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள் என்ற ஏற்பாடு அவருக்கு வியப்பாக இருந்தது. 1859இல் ஆற்காட்டு மிஷனைச் சேர்ந்த அமெரிக்கப் பாதிரியார் ஹென்றி ஸ்கட்டர் வழியாகத் தமிழ் உறவுப் பெயர்களின் பட்டியல் அவர் கைக்கு வந்தது. பார்த்ததும் துள்ளிக் குதித்துவிட்டார். செனகாவும் தமிழும் ஒரே அமைப்பு, ஆகவே அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள், இதுவே சான்று என்று முடிவு கட்டினார். 1871இல் அதைப் பெரிய நூலாகவும் வெளியிட்டார்.

அவர்கள் ஆசியாவிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அதற்கு அவர் காட்டிய சான்று நிற்கவில்லை. தமிழ் முறையும் செனகா முறையும் முதல் வரிசையில் ஒன்றுபோலத் தோன்றினாலும் அடுத்த வரிசையிலேயே பிரிந்துவிடுகின்றன என்பதை 1960களில் லவுன்ஸ்பரி என்ற மானிடவியலாளர் காட்டினார். என் அப்பாவுடைய மாமன் மகனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அப்பாவுக்கு மைத்துனர், ஆகவே எனக்கு மாமா முறை. அவர் மகள் எனக்கு முறைப்பெண். செனகாவில் அவர் அப்பாவைப் போல ஓர் ஆண், அவ்வளவுதான் கணக்கு; அவர் மகள் எனக்குத் தங்கை. ஒரே ஒரு படி தள்ளினால் மணப்பெண் தங்கையாகிவிடுகிறாள். கல்யாண மண்டபத்தில் இது சிறிய வேறுபாடு அல்ல.

#4 கரிசல்மகன்

செனகா வேறு, தெனே வேறுதானே? தெனே முறை உண்மையிலேயே திராவிட வகை என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அப்படியானால் என் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

#5 மொழிப்பித்தன்

இருக்கிறது. அதற்கு விடை அந்த நிலத்தில்தான் இருக்கிறது.

மெக்கன்சி ஆற்றின் காடுகளில் நெல் விளையாது, மாடு மேயாது. மூஸ் என்ற கடமான், கரிபு மான், மீன், முயல். சில குடும்பங்கள் சேர்ந்த இருபது முப்பது பேர் கொண்ட கூட்டமாக வாழ்ந்தால்தான் வேட்டை கட்டுப்படியாகும். அவ்வளவு சிறிய கூட்டத்தில் யாரை மணக்கலாம், யார் உடன்பிறந்தவர் என்று பிரித்தே ஆக வேண்டும். உலகத்தையே ‘நம் பக்கம்’, ‘சம்பந்தி பக்கம்’ என்று இரண்டாக வகுப்பது அதற்கு எளிய வழி. பீஸ் ஆற்றுப் பகுதியில் வாழும் டேன்-சா மக்களிடம் (இவர்களும் தெனேக்களே) மாமன் அத்தை பிள்ளைகளை மணக்கும் வழக்கம் இருந்தது. ரிக்லிப் பக்கத்து ஸ்லேவி மக்களோ அதே வகைச் சொற்களை வைத்துக்கொண்டு, தம் கூட்டத்துக்கு வெளியே பெண் கொண்டார்கள். ஐவ்ஸின் வாதமே இதுதான்: உள்ளேயே மணந்துகொள்ளும் கூட்டம் தனித்துப் பெருகும், வெளியே மணக்கும் கூட்டத்துக்கு நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் சம்பந்திகள் இருப்பார்கள், கரிபு வராத ஆண்டில் போய் நிற்க ஒரு வாசல் இருக்கும்.

இதே கணக்கு தாமிரபரணிக் கரையிலும் போடப்பட்டிருக்கலாம். கணக்கு ஒன்றாக இருப்பதால் கணக்குப்பிள்ளைகள் உறவினர் ஆகிவிட மாட்டார்கள்.

#6 வடதிசை வேலன்

இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். நான் யெல்லோநைஃபில் மூன்று ஆண்டுகள் கணக்கர் வேலை பார்த்தவன், இப்போது எட்மன்டனில் இருக்கிறேன். நீங்கள் உறவுமுறை பேசுகிறீர்கள், நான் ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் பெயர். கரிசல்மகன் தம்பி, தெனே என்றால் ‘மக்கள்’, அவ்வளவுதான். தேனும் இல்லை, தெற்கும் இல்லை. அவர்களுக்கு மற்றவர்கள் சூட்டிய பெயர்களைக் கேட்டால்தான் வேதனை தெரியும். ‘ஸ்லேவி’ என்பது அண்டைவீட்டுக் கிரீ மக்கள் ‘அடிமைகள்’ என்று இகழ்ந்து வைத்த பெயரின் ஆங்கில வடிவம். உலகத்தின் பெரிய ஏரிகளில் ஒன்றுக்கே அதனால் ‘பேரடிமை ஏரி’ என்று பெயர். அந்த மக்கள் அதைத் ‘து நெதே’, பெரிய ஏரி, என்று கூப்பிடுகிறார்கள். ‘சிப்பேவியன்’ என்பதும் கிரீ மொழிதான். கூர்முனை வைத்த தோலாடையைக் குறிக்கும். அவர்கள் தங்களைத் தெனெசுலினே என்பார்கள். ‘டாக்ரிப்’ எனப்பட்டவர்கள் இப்போது த்லிச்சோ. பொருள் அதே நாயின் விலா எலும்புதான், ஆனால் சொல் அவர்களுடையது. ‘அதபாஸ்கன்’ என்ற குடும்பப் பெயர்கூட ஒரு ஏரியின் கிரீப் பெயரிலிருந்து வந்தது. ஒரு பேரினத்தைப் பற்றிய நூல்கள் முழுவதும் அண்டை வீட்டாரின் சொற்களால் எழுதப்பட்டிருக்கின்றன.

யெல்லோநைஃபுக்கு த்லிச்சோ மொழியில் ‘சோம்பகே’ என்று பெயர். காசு இருக்கும் இடம்! 1930களில் தங்கம் கிடைத்த பிறகு பிறந்த ஊர் அது. காசு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன்: ஊரை ஒட்டிய ஜயன்ட் தங்கச் சுரங்கம் 1948 முதல் 2004 வரை ஓடியது. தாதுவை வறுத்தபோது வந்த ஆர்செனிக் தூள் 2,37,000 டன் இன்னும் நிலத்தடியில் கிடக்கிறது. அது ஏரியில் கசியாமல் இருக்க மண்ணோடு சேர்த்து உறையவைக்கும் வேலை நடக்கிறது. 1951இல் ஆர்செனிக் படிந்த பனியை உருக்கிக் குடித்து ஒரு தெனேக் குழந்தை இறந்தது. காசு இருக்கும் இடம்.

#7 பழைய வாத்தியார்

நான் இணையத்துக்குப் புதியவன், பிழை இருந்தால் பொறுக்கவும். மொழிப்பித்தன் அவர்களே, உறவுப் பெயர்கள் பற்றிப் பேசுகிறீர்கள், ஆனால் சொற்களையே காட்டவில்லையே. அம்மொழியில் ‘அப்பா’ என்பதற்கு என்ன சொல்?

#8 மொழிப்பித்தன்

ஐயா, உங்கள் கேள்விதான் இந்த இழையின் சிறந்த கேள்வி. ஏனென்றால் அதற்கு நேரான விடை கிடையாது.

தெனே மொழிகளில் உறவுப் பெயரும் உடலுறுப்புப் பெயரும் தனியாக நிற்பதில்லை. ‘செ’ என்றால் என், ‘நெ’ என்றால் உன். செதா, என் தந்தை. நெதா, உன் தந்தை. யாருடைய தந்தை என்று சொல்லாமல் வெறுமனே ‘தந்தை’ என்று வாய் திறக்க முடியாது. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தந்தை அந்த மொழிக்குள் நடமாடுவதில்லை. அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறு சொல், அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. ஆங்கிலத்தில் ‘பிரதர்’ என்று மொட்டையாகச் சொன்னால் அவர்களுக்கும் நம்மைப் போலவே ‘பெரியவனா, சின்னவனா’ என்று கேட்கத் தோன்றும்.

#9 பழைய வாத்தியார்

நன்றி. நாற்பதாண்டுகள் சங்கப் பாடல் நடத்திய எனக்கு இது மிகவும் பழகிய இடம். எந்தை என்றால் என் தந்தை. நுந்தை, உன் தந்தை. தந்தை என்றால் அவன் தந்தை. யாய், ஞாய், தாய் என்பவையும் முறையே என் அன்னை, உன் அன்னை, அவன் அன்னை. பழந்தமிழிலும் உறவு, உடையவரோடு ஒட்டியே பிறந்திருக்கிறது. நாம் பிற்காலத்தில் மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அது படர்க்கைக்கு உரியது என்பதையே மறந்து, ‘என் தந்தை’, ‘உன் தாய்’ என்று எழுதத் தொடங்கிவிட்டோம். அவர்கள் இன்னும் மறக்கவில்லை என்று கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

#10 கரிசல்மகன்

ஐயா!! இதைத்தான் நான் சொல்ல வந்தேன்!

#11 பழைய வாத்தியார்

அவசரப்படாதே தம்பி. நான் ஒப்புமை சொன்னேன், உறவு சொல்லவில்லை.

#12 மொழிப்பித்தன்

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கரிசல்மகனுக்கு இன்னும் இரண்டு ‘சான்றுகள்’ இலவசமாகத் தருகிறேன்: தெனே மொழிகளிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில்தான் வரும். ‘வீட்டில்’, ‘மரத்தின்மேல்’ என்று நாம் பின்னால் ஒட்டுவதை அவர்களும் பெயருக்குப் பின்னால்தான் வைப்பார்கள். ஜப்பானியம், துருக்கியம், இன்னும் உலகில் ஏராளமான மொழிகளும் அப்படித்தான்.

ஆனால் வினைச்சொல்லுக்குள் நுழைந்தால் நாம் அவர்களுக்கு நேர் எதிர்த்திசையில் நடக்கிறோம் என்பது தெரியும். ‘வந்துகொண்டிருந்தேன்’: வேர் முதலில், பிறகு பெட்டிகளாக இழுத்துக்கொண்டே போகிறோம், யார் என்பது கடைசிப் பெட்டி. தெனே வினையில் வேர் கடைசியில். அதற்கு முன்னால் திசை, செயப்படுபொருள், எந்த வகைச் செயல், யார் செய்தது என்று முன்னொட்டுகள் வரிசையாக நிற்கும். நம் ரயிலில் எஞ்சின் முன்னால், அவர்கள் ரயிலில் எஞ்சின் பின்னால்.

அதைவிட அழகான ஒன்று உண்டு. ‘கொடு’, ‘எடு’, ‘வை’ என்று பொதுவாகச் சொல்ல முடியாது. கையாளும் பொருளின் வடிவத்தைப் பொறுத்து வினையின் வேரே மாறும். கல் போல உருண்டு திரண்டது என்றால் ஒரு வேர். துப்பாக்கி, கோல் போல நீண்டது என்றால் வேறு. துணி, தோல் போல மடங்குவதற்கு இன்னொன்று. சேறு போலக் குழைந்ததற்கும், உயிருள்ளதற்கும் தனித்தனி. தேநீரைக் கோப்பையில் வைத்து நீட்டினால் ஒரு வினை, அதே தேயிலையைப் பொட்டலமாக நீட்டினால் வேறு வினை. ஆகவே பொருளின் பெயரைச் சொல்லாமல் ‘அதைக் கொடு’ என்று மட்டும் கேட்டாலும், கேட்பது கயிற்றையா கல்லையா என்று எதிரில் இருப்பவருக்குப் பாதி புரிந்துவிடும். அமெரிக்கத் தென்மேற்குப் பாலைநிலத்தில் வாழும் நவஹோ மக்களின் மொழியிலும் இதே ஏற்பாடு, இதே வேர்கள். அவர்கள் தங்களைத் ‘தினே’ என்கிறார்கள். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் அதே ‘மக்கள்’. உறவு என்றால் இப்படி இருக்க வேண்டும், கரிசல்மகன்.

#13 ஐயப்படுபவன்

இப்போதுதான் சுவையாக இருக்கிறது. பனிக்காட்டிலிருந்து பாலைக்கு எதற்குப் போனார்கள்? யாராவது துரத்தினார்களா?

#14 மொழிப்பித்தன்

எரிமலை துரத்தியது என்று ஒரு கருதுகோள் உண்டு. அலாஸ்காவில், யூக்கான் எல்லைக்கு அருகில் உள்ள சர்ச்சில் மலை கி.பி. 850 வாக்கில் வெடித்தது. அதன் சாம்பல் யூக்கானையும் அதற்குக் கிழக்கேயும் போர்வையாக மூடியது. இன்றும் ஆற்றங்கரைகளை வெட்டினால் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. வேட்டை அழிந்ததால் சில கூட்டங்கள் தெற்கே நகர்ந்தன, அவர்களின் வழிவந்தவர்களே நவஹோ, அப்பாச்சி மக்கள் என்பது சிலரின் வாதம். நகர்ந்தது உறுதி. எரிமலைதான் காரணம் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

ஆசியாவோடு உறவு தேடும் கரிசல்மகனுக்கும் ஒரு செய்தி. அப்படி ஓர் உறவை உண்மையிலேயே தேடியிருக்கிறார்கள். சைபீரியாவின் யெனிசெய் ஆற்றங்கரையில் கெட் என்ற மொழி, முதியவர்கள் சிலரோடு மறைந்துகொண்டிருக்கிறது. 2008இல் அலாஸ்காவில் நடந்த ஒரு கூட்டத்தில் எட்வர்ட் வாய்தா என்ற மொழியியலாளர், கெட் மொழியின் வினை முன்னொட்டு வரிசையும் தெனே மொழிகளின் வரிசையும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று வாதிட்டார். ஒலி மாற்றங்களின் ஒழுங்கையும் பட்டியலிட்டார். அவ்வளவு உழைத்த பிறகும் எல்லா அறிஞர்களும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ‘தெனே, தேனி’ என்று ஒரு வரியில் முடிக்கும் வேலை அல்ல இது.

#15 வடதிசை வேலன்

சொல் ஒலிக்கும் விதத்தை நம்பி ஏமாந்த என் கதை: அங்கே நன்றி சொல்ல ‘மாசி’ என்பார்கள், மிக்க நன்றிக்கு ‘மாசி சோ’. போன புதிதில் மாசி மகம், மாசிக் கருவாடு என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். ஒருநாள் அலுவலகத்தில் ஒரு பெரியம்மாவிடம், ‘இது உங்கள் பழைய சொல்லா?’ என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ‘பிரெஞ்சுக்காரர்களிடம் வாங்கியது’ என்றார். மெர்சி, மாசி! தோல் வாங்க வந்த வணிகரோடும் ஞானஸ்நானம் கொடுக்க வந்த பாதிரிகளோடும் வந்த சொல்லாம்.

குளிர்காலத்தில் யெல்லோநைஃபிலிருந்து டெட்டா என்ற தெனே ஊருக்கு ஏரியின் மேலேயே பாதை போடுவார்கள். தரைவழி 27 கிலோமீட்டர், உறைந்த ஏரிமேல் ஆறரைதான். முதல் முறை காரில் போனபோது சீட்டின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு முரசு நடனத்துக்குப் போயிருந்தேன். ஒருபக்கம் மட்டும் கரிபுத் தோல் போர்த்திய வட்ட முரசு, தோலின் குறுக்கே அதிர்வதற்கு நரம்பு இழுத்துக் கட்டியிருப்பார்கள். அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். கரிசல்மகன், பறை காய்ச்சுவது போல என்று நீங்கள் எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்! தோல் எங்கே இருந்தாலும் ஈரத்தில் தொய்யும், வெப்பத்தில் இறுகும். முரசு தொடங்குவதற்கு முன் உணவில் சிறு பங்கையும் புகையிலையையும் நெருப்பில் இட்டு முன்னோரை நினைத்தார்கள். பிறகு எல்லோரும் வட்டமாக ஒருவர் பின் ஒருவராக, வெயில் சுற்றும் திசையில் நடந்து ஆடினார்கள். என்னையும் இழுத்துவிட்டார்கள். காலடி எளிதுதான், மூன்றாவது சுற்றில் நான் யார் என்று யாரும் கேட்கவில்லை.

#16 சுடர்க்கொடி

வணக்கம். டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். முரசு, எரிமலை எல்லாம் சரி. ஆனால் இந்த இழையில் தெனே மக்கள் ஏதோ காட்சிப்பொருள் போல ஆகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நீதிமன்றத்திலும் பேசியவர்கள்.

கனடா அரசு அவர்களோடு 1899இல் எட்டாம் உடன்படிக்கையும் 1921இல் பதினொன்றாம் உடன்படிக்கையும் செய்துகொண்டது. ஆங்கில ஆவணத்தில் ‘நிலத்தை விட்டுக்கொடுக்கிறோம்’ என்று இருக்கிறது. தலைக்கு ஆண்டுக்கு ஐந்து டாலர். கையெழுத்து என்ற பெயரில் பெரும்பாலும் பெருக்கல் குறிகள். முதியவர்களோ, ‘அது சமாதானமும் நட்பும் பற்றிய பேச்சு, நிலத்தைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை’ என்றார்கள்.

1973இல் பிரான்சுவா பாலெட் என்ற இளம் தலைவரும் மற்றத் தலைவர்களும் சேர்ந்து, ஏறக்குறைய பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தின்மேல் தங்களுக்கு உரிமை உண்டு என்று பத்திரப்பதிவு எச்சரிக்கை தாக்கல் செய்தார்கள். நீதிபதி வில்லியம் மாரோ, முதியவர்கள் இருந்த ஊர்களுக்கே போய், மொழிபெயர்ப்பாளர் துணையோடு அவர்களின் நினைவைச் சாட்சியமாகக் கேட்டார். 1921இல் அந்த இடத்தில் நின்றவர்கள் சிலர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். உடன்படிக்கை நிலவுரிமையை அழித்துவிட்டதா என்பது ஐயத்துக்கு உரியது என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது, 1976இல் உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதிசெய்தது. காரணம் என்ன தெரியுமா? அத்தகைய அரசு நிலத்தின்மேல் அந்தப் படிவத்தைத் தாக்கல் செய்ய இடமில்லை என்பது! முதியவர்களின் சாட்சியத்தைப் பொய் என்று எவரும் சொல்லவில்லை.

இடையில் 1975இல் ஃபோர்ட் சிம்ப்சனில் கூடித் தங்களை ஒரு தேசம் என்று அறிவித்தார்கள். அதே காலத்தில் மெக்கன்சிப் பள்ளத்தாக்கு எரிவாயுக் குழாய் பற்றி நீதிபதி தாமஸ் பெர்ஜரின் விசாரணை. அவர் 35 ஊர்களுக்குப் போனார். மீன் காயும் கொட்டகைப் பக்கத்திலும் பள்ளிக்கூடத்திலும் உட்கார்ந்து கேட்டார். வானொலி ஒவ்வொரு நாளும் அந்தந்த மொழியில் ஒலிபரப்பியது. 1977இல் குழாய்த் திட்டத்தைப் பத்தாண்டுகள் தள்ளிவையுங்கள், முதலில் நிலவுரிமையைத் தீருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் குவிச்சின், சாத்து, த்லிச்சோ என்ற தெனே மக்களின் நிலவுரிமை ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 2005இல் த்லிச்சோ மக்கள் தன்னாட்சி பெற்றபோது 39,000 சதுர கிலோமீட்டர் அவர்கள் பெயரில் பதிவானது.

இன்று வடமேற்குப் பிரதேசங்களில் ஆட்சிமொழிகள் 11. அவற்றில் ஐந்து தெனே மொழிகள். நாம் ‘தொலைந்த திராவிடர்’ என்று தலைப்பு வைத்திருக்கிறோம். அவர்கள் எங்கே தொலைந்தார்கள்?

#17 ஐயப்படுபவன்

அம்மா, அறிவிப்பு, ஒப்பந்தம் எல்லாம் நன்றுதான். ஆனால் ஹிரோஷிமா குண்டுக்கு யுரேனியம் தோண்டிக் கொடுத்ததே இவர்கள்தான் என்று எங்கோ படித்தேனே?

#18 சுடர்க்கொடி

‘தோண்டிக் கொடுத்தார்கள்’ என்பது கொடுமையான சொல்லாட்சி. நடந்ததைச் சொல்கிறேன்.

பெருங்கரடி ஏரியின் கிழக்குக் கரையில் 1930இல் கில்பர்ட் லாபைன் என்பவர் ரேடியம் உள்ள தாதுவைக் கண்டார். போர்ட் ரேடியம் என்ற சுரங்கம் பிறந்தது. முதலில் மருத்துவத்துக்கான ரேடியம்; 1942இலிருந்து அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்கான யுரேனியம். பிறகு அரசே அதை எடுத்துக்கொண்டது. தாதுவைச் சாக்குகளில் கட்டி, படகிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து படகுக்கும் தோளில் சுமந்தவர்கள் தெலினே என்ற ஊரின் தெனே ஆண்கள். சுமந்தது என்ன என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. காலிச் சாக்குகளைக் கூடாரத் துணியாகவும் பயன்படுத்தினார்கள். பிற்காலத்தில் ஆண்கள் பலர் புற்றுநோயில் இறந்தார்கள். கைம்பெண்களின் ஊர் என்று பெயர் வந்தது. 2005இல் அரசும் ஊராரும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, நோய்க்கும் சுரங்கத்துக்கும் தொடர்பை உறுதியாக நிறுவ முடியவில்லை என்றது. வேலை செய்தவர்கள் எவ்வளவு கதிர்வீச்சுக்கு ஆளானார்கள் என்று அந்தக் காலத்தில் அளந்து வைத்தால்தானே நிறுவ முடியும்.

குண்டுகளுக்கான யுரேனியத்தில் பெரும்பங்கு காங்கோவின் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்து வந்தது. கனடாவின் பங்கு சிறியது. ஆனால் தெலினே மக்கள் பங்கைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கவில்லை. செய்தி தெரியவந்த பிறகு, 1998 ஆகஸ்டில் ஊரின் சார்பில் சிலர் ஹிரோஷிமாவுக்குப் போனார்கள். எங்கள் நிலத்திலிருந்து வந்த பொருள் உங்களுக்குத் தீங்கு செய்துவிட்டது என்று சொல்லி வருத்தம் தெரிவித்தார்கள்.

அந்த ஊரில் ஒரு பழைய கதை உண்டு. வெகு காலத்துக்கு முன், சுரங்கம் வரவிருந்த அதே பாறை அடியில் உறங்கிய மந்திரக்காரர் ஒருவர் கனவு கண்டாராம். வெளுத்த மனிதர்கள் பாறைக்குள் ஓட்டை போட்டு எதையோ எடுக்கிறார்கள். அதை ஒரு பெரிய பறவை சுமந்துபோய்த் தொலைவில் போடுகிறது. எரிந்தவர்கள் பார்ப்பதற்கு நம்மைப் போல இருந்தார்கள் என்றாராம்.

#19 ஐயப்படுபவன்

சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். மன்னிக்கவும்.

#20 பழைய வாத்தியார்

இதைப் படித்துவிட்டு மாலை நடைக்குப் போகவில்லை. வேலன் அவர்களே, ஒரு சின்னக் கேள்வி. கரிபு, கரிபு என்கிறீர்களே, அந்த மான் இப்போது எப்படி இருக்கிறது?

#21 வடதிசை வேலன்

ஐயா, கடினமான கேள்வி. பாதர்ஸ்ட் மந்தை என்று ஒன்று. த்லிச்சோ மக்களும் யெல்லோநைஃபைச் சுற்றியிருக்கும் தெனேக்களும் அதை நம்பியே வாழ்ந்தவர்கள். 1770களில் தெனேக்களோடு நடந்துபோன சாமுவேல் ஹெர்ன் என்ற ஆங்கிலேயப் பயணி, ஒருவருடைய குளிர்கால உடைக்கு மட்டும் எட்டு, பத்துத் தோல்கள் ஆகும் என்று எழுதினார். அவரை ஆர்க்டிக் கடற்கரை வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர் மட்டோனபி என்ற தெனெசுலினே தலைவர் என்பதைப் பாடநூல்கள் மெதுவாகத்தான் சொல்லும். தோலில் உடை, கூடாரம், பனிச்செருப்பின் பின்னல் வார். நரம்பில் தையல் நூல். மூளையைத் தேய்த்துத் தோலைப் பதப்படுத்தி, உளுத்த மரத்தின் புகை காட்டினால் பொன்னிறம். எதுவும் வீணில்லை.

1986இல் அந்த மந்தையில் ஏறக்குறைய 4,70,000 மான்கள். 2018இல் 8,200. 2021இல் 6,240. எழுத்துப் பிழை இல்லை ஐயா. வெப்பம், காட்டுத்தீ, ஓநாய், வைரச் சுரங்கச் சாலைகள், வேட்டை என்று காரணங்களை அடுக்குகிறார்கள். வேட்டைக்குத் தடை. த்லிச்சோ அரசு கோடைதோறும் முதியவர்களையும் இளைஞர்களையும் மான்கள் போகும் ஏரிக்கரைக்கு அனுப்பி, நடந்து பார்த்து, என்ன தின்கின்றன, எப்படி நொண்டுகின்றன என்று குறிக்கச் செய்கிறது. ‘நாம் மதிக்காமல் நடந்தால் அவை வராது’ என்பது முதியவர்களின் பேச்சு. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் பேரனுக்கு அந்த மந்தையின் உலர் இறைச்சியை ஒருமுறைகூடக் கொடுக்க முடியவில்லை என்றார். எனக்குக் கடமான் இறைச்சியைத்தான் கொடுத்தார், வெண்ணெய் தடவி. தேநீரோடு.

#22 கரிசல்மகன்

மூன்று நாளாக எழுதாமல் படித்துக்கொண்டே இருந்தேன். ரிக்லி எங்கே என்று வரைபடத்தில் இப்போதுதான் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். எங்கள் பாட்டியிடம் முந்தாநாள், அப்பாவின் மாமன் மகன் எனக்கு என்ன முறை என்று கேட்டேன். ‘மாமன்தான், இது தெரியாமலா வளர்ந்தாய்’ என்று திட்டினார்.

சுடர்க்கொடி அக்காவுக்கும், வேலன் அண்ணாவுக்கும், ஐயாவுக்கும், (கோபமாக இருந்தாலும்) மொழிப்பித்தனுக்கும் மாசி சோ. நெறியாளர் அவர்களே, இழையின் தலைப்பை மாற்ற முடியுமா?

#23 மொழிப்பித்தன்

நான் கோபமாக இல்லை. என் எழுத்தே அப்படித்தான். மாமன் மகனை விட்டுவிடுங்கள். அடுத்து, பாட்டியிடம் அம்மாவின் அத்தை மகள் என்ன முறை என்று கேளுங்கள். பதிலை இங்கே போடுங்கள், நானும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

#24 நெறியாளர்

‘கனடாவில் தொலைந்த திராவிடர்கள்!!!’ என்ற பழைய தலைப்பு, இழையைத் தொடங்கியவரின் வேண்டுகோளின்படி மாற்றப்பட்டுள்ளது. ஆச்சரியக்குறிகளும் நீக்கப்பட்டன.